சட்டைப்பை டார்ச் வாங்கும் முறை: லூமனைக் கடைசியில் பாருங்கள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இரவுப் பணி பார்க்கிறேன். அங்கிருந்து வீட்டுக்கு முக்கால் கிலோமீட்டர் நடை. கொஞ்சம் தார்ச்சாலை, பிறகு கற்படிகள், பிறகு தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. புதிதாகப் பணிக்குச் சேரும் பையன்கள் முதல் சம்பளத்தில் ஒரு டார்ச் வாங்கி வந்து என்னிடம் காட்டுவார்கள். பெரும்பாலும் அது தவறான டார்ச்சாகவே இருக்கும். அட்டையில் கொட்டை எழுத்தில் அச்சிட்ட லூமன் எண்ணை, அதாவது டார்ச் வெளிவிடும் மொத்த ஒளியின் அளவை, பார்த்து வாங்கியிருப்பார்கள். அது கடைசியில் பார்க்க வேண்டிய எண்.

கைப்பேசியிலேயே விளக்கு இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மழையில் நனைந்த திரை விரலுக்குக் கட்டுப்படாது. கை நழுவித் தேயிலைப் புதருக்குள் விழுந்தால் விளக்கும் போயிற்று, யாரையாவது கூப்பிடும் வழியும் போயிற்று.

தொடங்கும் முன் நான்கு பொருட்களை எடுத்து வையுங்கள்: தினமும் போடும் ஸ்வெட்டர் அல்லது ஜெர்கின், கைப்பேசி சார்ஜர் (கேபிளோடு), ஒரு பேனா, கிழித்த காலண்டர் தாள் ஒன்று. பணத்துக்கு இப்போது வேலை இல்லை.

1. ஒரு வாரம் இருட்டைக் கணக்கெடுங்கள்

வெளிச்சம் தேவைப்பட்ட ஒவ்வொரு தடவையும் நான்கு விவரங்களை எழுதுங்கள்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், கை எத்தனை காலியாக இருந்தது, மழையா பனியா.

என் தாளில் இருந்தது இது. செவ்வாய்: ஃபியூஸ் பெட்டி, ஒரு முழம் தூரம், ஐந்து நிமிடம், இரண்டு கையும் வேலையில். புதன்: கற்படிகள், இருபது அடி, பன்னிரண்டு நிமிடம், மூடுபனி. வியாழன்: மின்தடை, சமையலறை, ஒன்றே கால் மணி நேரம். வெள்ளி: பக்கத்து வீட்டுப் பேரிக்காய் மரத்தடியில் ஏதோ அசைந்தது, நூறு அடி, அரை நிமிடம்.

நான்கில் மூன்று கிட்டத்து வேலை. கடைக்குப் போகிறவர்களோ அந்த வெள்ளிக்கிழமையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போகிறார்கள். கரடி பயத்தில் வாங்கிய டார்ச் ஃபியூஸ் பெட்டிக்கு முன்னால் கண்ணைக் கூச வைக்கும். அதனால்தான் தாளில் எழுதச் சொல்கிறேன்.

2. எந்தப் பையில் இருக்கும் என்று முடிவு செய்யுங்கள்

கையோடு இல்லாத டார்ச்சால் பயன் இல்லை. ஆகவே பை முதலில், டார்ச் பிறகு. டிவி ரிமோட்டில் போடும் ஏஏஏ செல் ஒன்றில் எரிவது விரல் தடிமன்தான், சட்டைப்பையில் பேனா போல நிற்கும். சுவர்க்கடிகாரத்தில் போடும் ஏஏ செல் ஒன்றில் எரிவது ஒன்பது பத்து சென்டிமீட்டர் நீளம், ஜெர்கின் பைக்குச் சரி. 18650 என்ற தடித்த செல் போடுவது பன்னிரண்டு சென்டிமீட்டரை ஒட்டி வரும், நூறு கிராமுக்கு மேல் கனக்கும். சட்டைப்பையில் போட்டால் குனியும்போது முன்னால் வந்து விழும்.

கம்பளி ஸ்வெட்டரின் விளிம்பில் கிளிப்பை மாட்டாதீர்கள். பின்னல் நெகிழ்ந்து கொடுத்துவிடும். ஜெர்கினின் உட்பை விளிம்பு கெட்டியானது. உடம்புச் சூட்டில் செல்லும் கதகதப்பாக இருக்கும். நைட்டிக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கோழிக்கூண்டைப் பார்க்கப் போகிறவர்களுக்குப் பையே இருக்காது. அவர்களுக்குக் கழுத்துக் கயிறு நல்லது. ஆனால் இயந்திரம் ஓடும் இடத்தில் கயிறு கூடவே கூடாது. தேயிலை அரைக்கும் உருளைக்கு முன்னால் கழுத்தில் எதையும் தொங்கவிட்டுக்கொண்டு குனியக் கூடாது என்பது எங்கள் தொழிற்சாலையில் முதல் நாள் பாடம்.

3. செல்லைத் தேர்ந்தெடுங்கள்

இந்தக் கட்டத்தில் அவசரப்பட வேண்டாம். மற்றதெல்லாம் சரியாக இருந்தும் செல் தவறானால் டார்ச் அலமாரிக்குப் போய்விடும்.

ஏஏ செல்லின் பெரிய பலம், பெட்டிக்கடையிலும் கிடைக்கும் என்பது. ஆனால் சாதாரண அல்கலைன் செல்லை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டால் கசிந்து, வெள்ளைப் பூஞ்சை போலப் படிந்து, ஸ்பிரிங்கை அரித்துவிடும். குளிரிலும் அது சோர்ந்துபோகும். ஊட்டி, தலைக்குந்தா பக்கம் உறைபனி விழும் மார்கழி, தை இரவுகளில் மேசை மேல் கிடந்த அல்கலைன் டார்ச் மங்கி எரியும். கக்கத்தில் சற்று நேரம் வைத்தால் தேறும். ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் குளிரை இதைவிட நன்றாகத் தாங்குகின்றன, கசிவதும் மிக அரிது. ஏஏ டார்ச் வாங்கினால் இந்தச் செல்கள் இரண்டும் ஒரு சார்ஜரும் சேர்ந்ததுதான் உண்மையான விலை என்று கணக்கிடுங்கள்.

அடுத்தது லித்தியம் அயான். 18650 என்ற எண்ணே அளவைச் சொல்கிறது: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். ஆற்றலை நீங்களே பெருக்கிப் பார்க்கலாம்: எம்ஏஎச் (செல்லில் அடங்கும் மின்சாரத்தின் அளவு) எண்ணை வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட்-மணி. 2,000 எம்ஏஎச் ஏஏ ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட், ஆக 2.4 வாட்-மணி. 3,000 எம்ஏஎச் 18650 செல் 3.6 வோல்ட், ஆக ஏறத்தாழ 11 வாட்-மணி. நான்கு மடங்குக்கும் மேல். மின்தடை மணிக்கணக்கில் நீளும் ஊரில் இந்த வித்தியாசம் வீட்டுக்குள் தெரியும்.

18650 செல்லில் 9,900 எம்ஏஎச் என்று எழுதியிருந்தால் அது பொய். நல்ல செல்களில் 3,500 என்பதே தாராளம். எடை போட்டும் கண்டுபிடிக்கலாம்: நல்ல செல் பெரும்பாலும் 45 கிராமை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். கையில் எடுத்ததும் தக்கை போல இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இங்கே ஆபத்தான தவறுகள் இரண்டு. ஏஏ செல்லின் உருவத்திலேயே 14500 என்று ஒரு லித்தியம் அயான் செல் வருகிறது. முழு சார்ஜில் 4.2 வோல்ட். அதை ஏற்கும் என்று கையேட்டில் சொல்லாத ஏஏ டார்ச்சில் போட்டால் சில நொடிகள் பிரமாதமாக எரிந்துவிட்டு, பிறகு எப்போதுமே எரியாமல் போகலாம். இரண்டாவது தவறு, தனி லித்தியம் செல்லைச் சாவிக்கொத்தோடு ஒரே பையில் போடுவது. சாவி இரு முனைகளையும் இணைத்துவிட்டால் பை தீப்பிடிக்கலாம். மாற்று செல்லை அதற்கான பிளாஸ்டிக் டப்பாவில்தான் வைக்க வேண்டும்.

டார்ச்சுக்குள்ளேயே ஒட்டிய செல், கழற்ற முடியாது என்றால் எனக்கு அதில் விருப்பமில்லை. செல் கிழடாகும் அன்றைக்கு டார்ச்சும் குப்பைக்குப் போகும். சாவிக்கொத்தில் தொங்கும் மிகச் சிறியவற்றுக்கு மட்டும் விலக்கு தரலாம்.

4. ஸ்விட்ச்சைக் கண்ணை மூடிப் பழகுங்கள்

வால்பக்க ஸ்விட்ச் இருட்டில் கைக்கு உடனே அகப்படும். பக்கவாட்டு ஸ்விட்ச்சை விரலால் தடவித் தேட வேண்டும். கையுறை போட்டிருந்தால் இன்னும் சிரமம். தலையைத் திருகி எரிப்பது நெடுநாள் உழைக்கும், ஆனால் பெரும்பாலும் இரண்டு கை வேண்டும்.

அதைவிட முக்கியம், முதல் அழுத்தலில் எந்த வெளிச்சம் வருகிறது என்பது. குறைவிலிருந்து கூடுதலுக்கு ஏறுவதுதான் நமக்கு வேண்டியது. நள்ளிரவில் குழந்தைக்குக் கம்பளி போர்த்த எழுந்தவர் முகத்தில் ஆயிரம் லூமன் பாய்ந்தால் வீடே விழித்துக்கொள்ளும். அணைக்க நினைக்கும்போதெல்லாம் மின்னல் போல வெட்டும் முறை குறுக்கிடும் டார்ச்சுகள் உண்டு. கொண்டை ஊசி வளைவில் எதிரே ஜீப் வரும்போது அது வெட்டத் தொடங்கினால் ஓட்டுநரின் கண் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த முறை எளிதில் வராதபடி ஒளித்து வைக்கப்பட்ட டார்ச்சை வாங்குங்கள்.

பைக்குள் தானாக எரிவது அடுத்த தொல்லை. என் முதல் நல்ல டார்ச் ஜெர்கின் பைக்குள் அழுந்தி, யாருக்கும் தெரியாமல் எரிந்து, உட்துணியில் எட்டணா அளவுக்குப் பழுப்பு வட்டம் ஒன்றை வைத்துவிட்டது. இன்றும் அந்த ஜெர்கினைத்தான் போடுகிறேன். இதற்கு மருந்து எளியது: பல டார்ச்சுகளில் வால்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினால் மின்சாரம் துண்டிக்கப்படும். கடையிலேயே தளர்த்தி அழுத்திப் பாருங்கள். மரை வெறும் அலுமினியமாக இருந்தால் துண்டிக்காது. மின்சாரத்தைக் கடத்தாத பூச்சு (அனோடைஸ்) ஏறிய மரையாக இருக்க வேண்டும்.

5. கதிரின் வடிவம்: மூடுபனிக்கு ஒன்று, விலங்குக்கு ஒன்று

டார்ச்சைச் சுவரில் அடித்தால் நடுவில் ஒரு பொட்டும் சுற்றிலும் ஒரு பரவலும் தெரியும். பொட்டு சிறியதாகவும் கூர்மையாகவும் இருந்தால் தூரம் போகும், ஆனால் கால் வைக்கும் படி தெரியாது. பையில் வைத்துக்கொள்வதற்குப் பரவல் அதிகமானதே நல்லது. கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கிண்ணம் ஆரஞ்சுப் பழத்தோல் போலப் பொரிபொரியாக இருந்தாலோ, முகப்பில் தடித்த பிளாஸ்டிக் லென்ஸ் இருந்தாலோ பொட்டும் பரவலும் பொதுவாக மென்மையாகக் கலக்கும். முன்னும் பின்னும் இழுக்கும் ஜூம் டார்ச்சைப் பையன்கள் விரும்பி வாங்குகிறார்கள். இழுபடும் இடத்தில்தான் முதல் மழையிலேயே தண்ணீர் புகும்.

மூடுபனியில் டார்ச்சை முகத்தருகே பிடித்தால் எதிரே வெள்ளைச் சுவர்தான். கண்ணுக்கு முன்னால் மிதக்கும் துளிகளில் ஒளி பட்டு நேரே கண்ணுக்கே திரும்புகிறது. தலையில் மாட்டும் விளக்கு பனியில் பயன்படாமல் போவதும் இதனால்தான். கையைத் தொங்கவிட்டு, உடலிலிருந்து சற்றுத் தள்ளி, முழங்கால் உயரத்தில் பிடித்து, இரண்டு மூன்று எட்டுக்கு முன்னால் தரையில் அடியுங்கள். வெளிச்சத்தைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். கூட்டினால் சுவர்தான் இன்னும் வெளுக்கும். மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்று கடைக்காரர் சொல்வார். பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். நிறத்தைவிடப் பிடிக்கும் உயரமே வித்தியாசம் செய்கிறது.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. காட்டெருமை, சிறுத்தை போன்றவற்றின் கண்ணுக்குள், விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருக்கிறது. பட்ட ஒளி வந்த வழியே திரும்புகிறது. ஆகவே டார்ச் உங்கள் கண்ணருகே இருந்தால்தான் அந்த மினுக்கம் உங்களுக்குத் தெரியும். இடுப்புயரத்தில் பிடித்துக்கொண்டு நடந்தால் இருபது அடியில் நிற்கும் காட்டெருமைகூட இன்னொரு புதராகத் தெரியும்.

அதனால் வானம் தெளிந்த இரவில் நான் செய்வது இது. பாதை திரும்பும் இடத்தில் நிற்பேன். டார்ச்சைக் கன்னத்தருகே தூக்கி, நடுத்தர வெளிச்சத்தில் இடமிருந்து வலமாக மெதுவாக ஒருமுறை வீசுவேன். இரண்டு புள்ளிகள் மினுங்கினால் உடனே கதிரைத் தரைக்கு இறக்கி, அதன் முகத்தில் அடிக்காமல், வந்த வழியே பின்வாங்குவேன். ஒன்றுமில்லை என்றால் மறுபடி இடுப்புக்கு இறக்கி நடை. ஒருநாள் ஒரு பையன், "அண்ணா, சில்வர் ஓக் மரத்தடியில் யாரோ பீடி பிடிக்கிறார்கள்" என்றான். இரண்டு பீடி, ஒரே சமயத்தில், அசையாமல். அன்றைக்குச் சாலையைச் சுற்றிக்கொண்டு போனோம். அடர்ந்த பனியில் இந்த வித்தை பலிக்காது. அப்போது சத்தமாகப் பேசிக்கொண்டு போவதுதான் வழி.

6. இப்போது லூமனுக்கு வரலாம்

முதல் தாளைத் திரும்ப எடுங்கள். ஃபியூஸ் பெட்டிக்கு 5 முதல் 15 லூமன் போதும். படியும் பாதையும் 50 முதல் 100. மின்தடையில் சமையலறைக்கு 30 முதல் 60, சுவரில் அடித்து. நூறு அடி தூரத்துக்கு 300 முதல் 500, அதுவும் அரை நிமிடம். ஆக 5, 50, 400 என்ற மாதிரி மூன்று படிகள் தரும் டார்ச் போதும். படிகளின் இடைவெளியைப் பாருங்கள். 600, 800, 1,000 என்று மூன்று படி இருந்தால் அது ஒரே படிதான்.

அட்டையில் 10,000 லூமன் என்று இருந்தால் ஒரு வகுத்தல் கணக்குப் போடுங்கள். எல்இடி ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 100 லூமன் தரும் என்று வைத்துக்கொண்டால் 10,000 லூமனுக்கு 100 வாட் வேண்டும். 11 வாட்-மணி செல் ஏழு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். அதற்கு முன்பே கை சுட்டுக் கீழே போட்டிருப்பீர்கள். அதே கணக்கில் 100 லூமனுக்கு ஒரு வாட்: ஏஏ ரீசார்ஜ் செல்லில் சுமார் இரண்டு மணி நேரம், 18650 செல்லில் சுமார் பதினொரு மணி நேரம்.

எரியும் நேரத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற அளவீட்டு முறைப்படி, வெளிச்சம் தொடக்கத்தின் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை எரியும் நேரம் என்று எழுதலாம். 1,000 லூமன், 2 மணி நேரம் என்றால் 1,000 லூமன் இரண்டு மணி நேரம் என்று பொருளல்ல. சூடேறாமல் இருக்கச் சில நிமிடங்களிலேயே அது 300 அளவுக்கு இறங்கியிருக்கலாம். தூரமும் அப்படித்தான். 0.25 லக்ஸ், அதாவது முழுநிலவு வெளிச்சம் அளவுக்கு, எவ்வளவு தொலைவில் விழுகிறதோ அதுதான் அட்டையில் உள்ள தூரம். நிலவொளியில் நிற்கும் காட்டெருமை எவ்வளவு தெரியும்? பாதித் தூரத்தையே நம்புங்கள்.

7. நிறம்

வெள்ளை ஒளியின் சாயலைக் கெல்வின் என்ற எண்ணால் சொல்வார்கள். 6,500 கெல்வின் என்றால் நீலம் கலந்த வெள்ளை, 4,000 இதமான வெள்ளை, 3,000 பழைய குண்டு பல்பு போல மஞ்சள். நான் 4,000 பக்கம். நீல வெள்ளையில் ஈரமண்ணும் பாறையும் ஒரே சாம்பலாகத் தெரிந்து கால் வழுக்குகிறது. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்குச் சிஆர்ஐ என்ற எண் உண்டு. 90க்கு மேல் இருந்தால் சிவப்பு ஒயரும் பழுப்பு ஒயரும் தனித்தனியாகத் தெரியும். புளிக்கவைத்த தேயிலையின் செம்புநிறத்தைச் சாதாரண டார்ச்சில் பார்த்துவிட்டு, இலை கறுத்துவிட்டது என்று ஓடி வந்த புதியவர்களை எனக்குத் தெரியும்.

8. ஈரம்

தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வது ஐபிஎக்ஸ் எண். ஐபிஎக்ஸ் 4 தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐபிஎக்ஸ் 7 ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கமும், ஆடியில் கூடலூர், நடுவட்டம் பக்கமும் பெய்கிற மழைக்கு 7க்குக் குறைந்து வாங்க வேண்டாம்.

பலர் கவனிக்காதது, உள்ளே பூட்டிவிடும் ஈரம். பனி இறங்கிய இரவில் வெளியே நின்று செல் மாற்றினால் அந்தக் காற்றே உள்ளே அடைபடும். மறுநாள் கண்ணாடியின் உட்புறம் வியர்த்து நிற்கும். செல்லை அடுப்பங்கரை ஓரம் போன்ற உலர்ந்த இடத்தில் மாற்றுங்கள். சார்ஜ் துளையை மூடும் ரப்பர் மூடி ஒழுங்காக அமர்கிறதா என்று நகத்தால் அழுத்திப் பாருங்கள்.

9. பணம் கொடுக்கும் முன்னும் பின்னும்

கடையில் மூன்று சோதனைகள். கொண்டுபோன ஸ்வெட்டர் அல்லது ஜெர்கின் பையில் போட்டுக் குனிந்து நிமிருங்கள். சுவரைப் பார்த்து எரித்துக் குறைந்த வெளிச்சத்தில் விரல்களை விரித்து ஆட்டுங்கள். விரல்கள் துண்டு துண்டாகத் தெரிந்தால் ஒளி துடிக்கிறது, நெடுநேரம் பயன்படுத்தினால் கண் வலிக்கும். பிறகு உங்கள் சார்ஜரைச் செருகுங்கள். டைப்-சி துளை இருந்தும், இரு முனையும் டைப்-சியாக உள்ள கேபிளில் சார்ஜ் ஏறாத டார்ச்சுகள் இருக்கின்றன. கூட வந்த குட்டைக் கேபிள் தொலையும் நாளில்தான் இது தெரியவரும்.

வீட்டுக்கு வந்த பிறகு, இருட்டிய நேரத்தில், முதல் தாளில் எழுதிய இடங்களுக்கெல்லாம் ஒருமுறை போய்வாருங்கள். சமையலறையில் கூரையை நோக்கி நிறுத்தினால் வெளிச்சம் பரவும் என்பார்கள். புகையேறிக் கறுத்த தகரக் கூரை ஒளியை விழுங்கிவிடும். வெள்ளையடித்த சுவரில் அடியுங்கள்.

10. முதல் மாதம்

வாங்கிய அன்று ஒருமுறை முழுக்கச் சார்ஜ் செய்து, வழக்கம்போலப் பயன்படுத்தி, எத்தனை நாளில் தீர்கிறது என்று காலண்டரில் குறியுங்கள். என்னுடையது ஒன்பது நாள் வருகிறது, ஆகவே ஞாயிறுதோறும் ஏற்றிவிடுகிறேன். உறைபனி விழும் காலத்தில் ஜன்னல் விளிம்பில் வைத்துச் சார்ஜ் ஏற்ற வேண்டாம். பூஜ்ய டிகிரிக்குக் கீழே லித்தியம் அயான் செல்லுக்குச் சார்ஜ் ஏற்றினால் செல் கெடும்.

மாதம் ஒருமுறை வால்மூடியைக் கழற்றி மரையைப் பழந்துணியால் துடைத்து, ரப்பர் வளையத்தில் கடுகளவு சிலிகான் கிரீஸ் தடவுங்கள். துணியில் கறுப்பாக ஒட்டுவது தேய்ந்த அலுமினியம், பயப்பட வேண்டாம். வளையத்தில் மயிரளவு வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். நல்ல டார்ச்சோடு மாற்று வளையம் ஒன்றிரண்டு ஒரு குட்டி உறையில் வரும்; அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடும் முன் அதன் அடியில் பாருங்கள்.